கடதாசிக்குள் பொதிந்த அன்பு

கடதாசி என்றவுடன் எழுத்தும் ஏடுமே நினைவுக்கு வருகின்றன. எழுதுவதற்காகவே மனிதன் கடதாசியைக் கண்டான் என்று கருதுவோரும் பலர். ஆனால், வரலாறு கூறும் செய்தி சற்று வேறானது. சீன நாட்டின் வடமேற்கிலே, தூன்குவாங் பகுதியின் பாலைநிலத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மிகப் பழைய கடதாசித் துண்டுகளுட் சில, மருந்தைப் பொதிந்து வைப்பதற்குப் பயன்பட்டவை. அவை கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தவை. சாய் லூன் என்னும் அரண்மனை அதிகாரி, மரப்பட்டை, சணல், கந்தைத் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றை இடித்துக் கூழாக்கிக் கடதாசி செய்யும் முறையைச் செம்மைப்படுத்திப் பேரரசருக்கு அறிவித்தது கி.பி. 105ஆம் ஆண்டிலேயாகும். ஆகவே, பொருளைப் பொதியும் கடதாசி, எழுத்தைத் தாங்கும் கடதாசிக்கு இளையதன்று. மூத்தது என்று கூறினும் பொருந்தும். பின்னர், சுங் மரபினர் ஆட்சியிலே, அரசர் தம் அலுவலர்க்கு வழங்கிய பணப் பரிசில்கள் கடதாசி உறைகளிலே இடப்பட்டு அளிக்கப்பட்டன. பரிசை மூடிக் கொடுக்கும் நாகரிகம் அத்துணைப் பழமையானது.

கல்முனைக் கரையோரத்திலே நோன்புப் பெருநாளை முன்னிட்டுச் சிறுவர் சிறுமியர் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு வாழ்த்து மடல் செய்வதைக் காண்போர், அதனை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுதல் கூடும். அவ்விளையாட்டின் பின்னே இரண்டாயிரம் ஆண்டு வரலாறு நிற்கின்றது. அவ்வரலாற்றின் பெரும்பகுதி இஸ்லாமிய உலகின் வழியாகவே நடந்தது என்பதும் கருதத்தக்கது.

கி.பி. 751இலே தலாஸ் ஆற்றங்கரையிற் சீனப் படைக்கும் அராபியப் படைக்கும் போர் நிகழ்ந்தது. அப்போரிற் சிறைப்பட்ட சீனர் சிலரே சமர்கந்து நகரத்தார்க்குக் கடதாசித் தொழிலைக் கற்பித்தனர் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. அந்நூற்றாண்டு முடிவதற்குள் பக்தாதிலே கடதாசி ஆலை எழுந்தது. அங்கிருந்து திமிஷ்க், கெய்ரோ, மொரொக்கோ, ஸ்பானியா என்று பரவிய தொழில், 13ஆம் நூற்றாண்டிலே இத்தாலியை அடைந்தது. 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே எகிப்துக்குச் சென்ற பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ, அந்நாட்டுக் கடைத்தெருவைப் பற்றி வியந்து எழுதியுள்ளார். பொருள் வாங்குவோர் வீட்டிலிருந்து கலம் கொண்டு வரவேண்டியதில்லை. கண்ணாடி, மண்பாண்டம், கடதாசி ஆகியவற்றுள் ஏற்றதொன்றிலே கடைக்காரரே இட்டுக் கொடுப்பர் என்பது அவர் கண்ட காட்சி. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடைக்காரர் கடதாசியிற் பண்டம் பொதிந்து கொடுத்தனர் என்பதற்கு இது சான்று.

எழுத்தையும் பொதியையும் கடந்து, கடதாசி ஓர் அழகுக் கலைக்கும் பொருளாயிற்று. 15ஆம் நூற்றாண்டிலே ஹிராத் நகரத்திலும், 16ஆம் நூற்றாண்டிலே இஸ்தான்புல்லிலும், மெல்லிய தாளை நுண்ணிய கத்தியால் வெட்டி எழுத்தணியும் பூங்கொடியும் ஆக்கும் கலை உச்சநிலை எய்தியது. எழுதுகோல் தாளிலே படாமலே எழுத்து உருவாகும் விந்தை அது. இன்று பள்ளிப் பிள்ளை ஒருவன் தாளை எட்டாக மடித்து ஓரத்திலே வெட்டி, விரித்தவுடன் பூவொன்று மலர்வதைக் கண்டு மகிழும்போது, அவன் அக்கலையின் முதற் படியிலே கால் வைக்கின்றான்.

கடதாசி என்னும் சொல்லே ஒரு பயணக் கதையாகும். இச்சொல் போர்த்துக்கேயர் வாயிலாகத் தமிழுக்கு வந்தது என்பர் மொழியறிஞர். அராபியர் தாளைக் 'கிர்தாஸ்' என்றனர். திருக்குர்ஆனிலும் அச்சொல் உண்டு. அதற்கும் மூலம் 'கார்த்தேஸ்' என்னும் கிரேக்கச் சொல். அதே கிரேக்கச் சொல் இலத்தீன், பிரெஞ்சு மொழிகள் வழியாக ஆங்கிலத்திற் 'கார்ட்' என்று வழங்குகின்றது. எனவே, 'பெருநாட் கார்ட்' என்று பிள்ளைகள் கூறும் மடலும், அது செய்யப்படும் கடதாசியும், பெயரளவிலே உடன்பிறப்புகள் எனலாம். காகிதம் என்னும் மற்றைச் சொல்லோ பாரசீகத்தினின்றும் வந்தது.

கடதாசி பரவுவதற்கு முன், இலங்கையிலே எழுத்துக்கும் பொதிக்கும் ஓலையே துணையாயிற்று. திருமணச் செய்தியை மணவோலை தாங்கிற்று. வெற்றிலையும் பாக்கும் வைக்கும் கொட்டைப்பெட்டியைக் கிழக்கிலங்கைப் பெண்கள் ஓலையாலும் பன்னாலும் இழைத்தனர். பன்புல்லைக் காயவைத்துச் சாயமேற்றி, கோலம் பிசகாமற் பாய் இழைக்கும் கைத்திறன் இக்கரையோரத்து முஸ்லிம் பெண்களுக்குப் பரம்பரைச் செல்வம். சாயமேற்றிய பன்னை மேலும் கீழுமாகக் கோத்துக் கட்டம் போடும் அதே கணக்கே, வர்ணக் கடதாசிக் கீற்றுகளைப் பின்னும் பள்ளிக் கைவேலையிலும் காணப்படுகின்றது. பொருள் மாறியது, விரல் மாறவில்லை.

வாழ்த்து மடல் என்னும் வழக்கம் பெரிதும் அஞ்சலோடு வந்தது. இங்கிலாந்திலே 1840இல் ஒரு பென்னி அஞ்சல் முறை தொடங்கிற்று. மூன்றாண்டுகளின் பின், 1843இலே, ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹோர்ஸ்லியைக் கொண்டு முதலாவது நத்தார் வாழ்த்து மடலை ஆக்குவித்தார். நண்பர் பலருக்குத் தனித்தனியே கடிதம் எழுத நேரமின்மையே அதற்குக் காரணமாயிற்று. இலங்கையின் முதலாவது அஞ்சல் முத்திரை 1857ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி வெளிவந்தது. 1885இலே வெசாக் தினம் பொது விடுமுறையாயிற்று. பின்னர் வெசாக் வாழ்த்து மடலும், மூங்கிற் கீற்றிலே வர்ணக் கடதாசி ஒட்டிய வெசாக் கூடும் நாடெங்கும் பரவின.

பெருநாள் வாழ்த்து மடல் இந்தியாவிலே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே தோன்றிற்று. லாகூர், டில்லி, பம்பாய் முதலிய நகரங்களின் வணிகர், ஐரோப்பாவில் அச்சிடப்பட்ட பூப்படங்களையும் இயற்கைக் காட்சிகளையும் வருவித்து, அவற்றின் மீது உருது எழுத்தில் வாழ்த்தைப் பொறித்து விற்றனர். பின்னர்ப் பிறையும் பள்ளிவாசலும் மடலிலே இடம்பெற்றன. தமிழ்நாட்டிலே சிவகாசி அச்சகங்களின் வளர்ச்சியோடு பொங்கல் வாழ்த்து மடல்கள் ஊர்தோறும் சென்றன. இவ்வாறு, ஒரு சமயத்தாரின் திருநாளிலே தொடங்கிய வழக்கம், எல்லாச் சமயத்தார்க்கும் உரியதாயிற்று.

அம்பாறைக் கரையோரத்திலே இவ்வழக்கம் ஆழ வேரூன்றியதற்கு ஊர்களின் அமைப்பே ஒரு காரணம். பெரிய நீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று வடக்கேயிருந்து தெற்கே செல்லும் பாதையிலே, தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வருகின்றன. இரு சாராரும் பேசுவது ஒரே தமிழ். பெருநாளன்று வட்டிலப்பமும் பலகாரமும் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குச் செல்வதும், தைப்பொங்கலன்று பொங்கல் திரும்பி வருவதும் இக்கரையோர வழக்கம். பலகாரத் தட்டு செல்ல இயலாத தூரத்துக்கு மடல் சென்றது. வெளியூரிலே பணிபுரியும் ஆசிரியர், கொழும்பிலே கடை வைத்திருப்பவர், பின்னாளிலே மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றவர் ஆகியோர்க்கெல்லாம் பெருநாளின் மணம் கடித உறைக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது.

கையாற் செய்யும் மடலின் செய்முறை எளிது. ஆனால், அதிலும் நுட்பம் உண்டு. ஆலைக் கடதாசியின் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையிற் படிந்திருக்கும். நாரோடு மடித்தால் விளிம்பு நேராக அமையும். நாருக்குக் குறுக்கே மடித்தால் முறிந்து பிசிராகும். டிமைத் தாளையோ பிரிஸ்டல் மட்டையையோ மடிக்குமுன், ஓரத்தைச் சிறிது வளைத்துப் பார்த்தாற் போதும். எத்திசையில் இலகுவாக வளைகின்றதோ அத்திசையே மடிப்புக்கு உரியது. பசைக்குக் கோதுமை மாவை நீரிற் கரைத்து மெல்லிய தீயிலே காய்ச்சுவர். அதிலே சிறிது மயில்துத்தம் சேர்த்தாற் பூச்சி அரியாது. ஆயினும், அது நஞ்சாதலாற் சிறுவர் கையிற் கொடுக்கலாகாது. பிறையை வெட்டுவதற்கு இரண்டு வட்டம் போதும். ஒரு வட்டத்தின் மீது மற்றொன்றைச் சற்று விலக்கி வரைந்தால், எஞ்சுவதே பிறை. எண்கோண விண்மீனுக்கு இரண்டு சதுரம் போதும். மடலோடு சேர்ந்தே கணிதமும் கைக்கு வந்துவிடுகின்றது.

மடலுக்கு அடுத்தது சரை. பழைய செய்தித்தாளையும் எழுதித் தீர்ந்த கொப்பித் தாளையும் சுருட்டிச் சரையாக்கி, அதிலே கடலை, சீனி, மிளகு என்பன கொடுப்பது நாடறிந்த வழக்கம். கடலையை உண்டு முடித்தவர், சரையை விரித்து, யாரோ ஒரு மாணவனின் பரீட்சை விடையைப் படித்து நகைப்பதும் உண்டு. இச்சரைகளும் கடதாசிப் பைகளும் ஆலையிலே பிறந்தவையல்ல. வீட்டு விறாந்தையிலே இருந்து பெண்கள் ஒட்டிக் கட்டாகக் கடைகளுக்குக் கொடுத்தவை அவை. கணவனை இழந்த தாய்மார்க்கும், வெளியே சென்று உழைக்க இயலாதோர்க்கும் அச்சிறு வருவாய் அடுப்பெரிய உதவிற்று. வரலாற்று நூல்களிலே இடம்பெறாத உழைப்பு இது.

கடதாசியின் மூலப்பொருளும் கிழக்கிலே குறைவில்லை. 1949இலே அமைந்த கல்லோயா அபிவிருத்திச் சபையின் திட்டத்தால் நெல்வயல் பெருகிற்று; வயல் பெருகவே வைக்கோலும் பெருகிற்று. மட்டக்களப்புக்கு வடக்கே வாழைச்சேனையில் 1950களில் எழுந்த கடதாசி ஆலை, வைக்கோலையே முக்கிய மூலப்பொருளாகக் கொண்டது. வைக்கோலின் நார் குறுகியது. அதிலே மணற்சத்தும் மிகுதி. ஆதலால், அக்கடதாசி மென்மையிற் சற்றுக் குறைந்திருந்தது. எனினும், சொந்த மண்ணின் வயலிலே விளைந்த தாள் என்னும் பெருமை அதற்கு உண்டு. போர்க்காலத்தின் இன்னல்களும் பிற இடர்களும் அவ்வாலையைப் பின்னாளிலே நலிவடையச் செய்தன.

கைம்மடலின் நலிவு மூன்று படியாக நிகழ்ந்தது. முதலிலே, பளபளப்பான அச்சு மடல் வந்தது. கையாற் செய்தது ஏழ்மையின் அடையாளம் என்னும் தவறான எண்ணம் அதனோடு வந்தது. அடுத்து, பொலித்தீன் பை வந்து சரையை விரட்டிற்று. வாழையிலையிலும் செய்தித்தாளிலும் கட்டிய சோற்றுப் பொதி, பொலித்தீன் தாளுக்கு மாறியது. இறுதியிலே, கைத்தொலைபேசி வந்தது. ஒரே வாழ்த்தை நூறு பேருக்கு ஒரு நொடியில் அனுப்பும் வசதி கிடைத்தது. நூறு பேருக்கும் ஒரே வாழ்த்து என்னும்போது, அது எவருக்கும் உரியதன்று என்னும் குறையும் உடன் வந்தது.

இவற்றுக்கிடையே, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை, மருதமுனை முதல் சாய்ந்தமருது வரையும் அதற்கு அப்பாலும் கரையோரத்தை அழித்தது. மாண்ட உயிர்களின் முன்னே வேறெதையும் இழப்பாகக் கூறுதல் தகாது. ஆயினும், வீட்டோடு போன தகரப் பெட்டிகளிலே கடிதங்களும் நிழற்படங்களும் மடல்களும் இருந்தன. மாண்டவரின் கையெழுத்துத் தாங்கிய தாளொன்று எஞ்சிய குடும்பம், அதனைப் பொன்னினும் மேலாகப் போற்றுவதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. அச்சு மடலில் இல்லாத ஒன்று கைம்மடலில் உண்டு: அதைச் செய்தவரின் கை.

பொலித்தீனுக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டிலே பிளாத்திக்குக் கழிவை உண்டு, எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் மாண்டன என்று 2022ஆம் ஆண்டு ஜனவரியிலே செய்தி வெளியாயிற்று. சோறு மணக்கும் பொலித்தீன் தாளை உணவென்று எண்ணி உண்ட விலங்குக்கு, அது செரியாது என்பது எவ்வாறு தெரியும்? 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி முதல் உணவு சுற்றும் பொலித்தீன் தாளுக்கு இலங்கையிலே தடை விதிக்கப்பட்டது. சட்டம் தடுக்கலாம், மாற்றுப் பொருளைக் கையிற் கொடுப்பது கைப்பணியே.

கடதாசியும் குறையாத பொருளன்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சிலே, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினாற் கடதாசி இறக்குமதி குன்றியபோது, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. ஒரு தாளின் அருமையை நாடு முழுவதும் அன்று உணர்ந்தது. பயன்பட்ட தாளையே மீண்டும் ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, சல்லடையிலே வடித்து, அழுத்திக் காயவைத்தால் தடித்த கைக்கடதாசி கிடைக்கும். வயலிலே வைக்கோலும், வாய்க்கால்களை அடைக்கும் ஆற்றுவாழையும், மருதமுனைக் கைத்தறியின் பருத்தி நூற்கழிவும் அதற்குச் சேர்க்கத்தக்கவை. கந்தைத் துணியிலிருந்தே பக்தாத்துக் கலைஞர் தாள் செய்தனர் என்பதை நினைத்தால், இது புதுமையன்று, பழமையின் மீட்சியே.

பாடசாலையிலே கைப்பணி என்பது பரீட்சைக்கு உதவாத பாடம் என்று தள்ளப்படுவதுண்டு. ஆனால், ஒரு பிள்ளை தன் அயலூர்த் தோழனுக்குப் பொங்கல் மடலோ பெருநாள் மடலோ செய்யும்போது, அவனது பெயரைப் பிழையற எழுதவும், அவனுக்குப் பிடித்த நிறத்தை நினைக்கவும், அவனது திருநாளின் பொருளை அறியவும் நேர்கின்றது. அரைமணி நேரம் ஒருவன் மற்றொருவனை நினைத்திருத்தல் சிறிய செயலன்று. கலவரமும் ஐயமும் பலமுறை பிரித்த ஊர்களிலே, அந்த அரைமணி நேரம் பெரும் பயன் தரும். பிறையும் பொங்கற் பானையும் ஒரே மேசையிலே, ஒரே கத்தரிக்கோலால் வெட்டப்படும் வகுப்பறை கல்முனைக் கரையோரத்துக்கு என்றும் வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு டிமைத் தாளும் ஒரு பிடி கோதுமை மாவுமே.