பொன்னேரித் திட்டமும் ஊர்க் கணக்கும்

சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத்தில் மூன்று புதிய ஸ்மார்ட் நகரங்களுக்கான முதன்மைத் திட்டங்கள் நிறைவடைந்து வருவதாக 2014 ஜூலையில் அன்றைய மத்திய நிதியமைச்சர் அருண் ஜேட்லி நிதிநிலை உரையில் அறிவித்தார். ஆந்திரத்தின் கிருஷ்ணப்பட்டினம், கர்நாடகத்தின் தும்கூர் ஆகியவற்றோடு அவர் குறிப்பிட்ட மூன்றாவது ஊர், திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி. குடிநீர், மின்சாரம், போக்குவரத்து, கழிவகற்றல் ஆகிய சேவைகளை உணர்கருவிகளும் கணினி வலையும் கொண்டு கண்காணித்து நடத்தும் நகரமே ஸ்மார்ட் நகரம் எனப்படுகிறது. 2015 ஜூனில் தொடங்கிய நூறு நகரத் திட்டம் இதிலிருந்து வேறானது. அதில் தமிழ்நாட்டின் 11 மாநகரங்கள் இடம்பெற்றன, பொன்னேரி இடம்பெறவில்லை. பழைய நகரங்களைச் சீரமைப்பது அத்திட்டத்தின் நோக்கம் என்றால், வயலும் ஏரியும் உப்பங்கழியும் கலந்த நிலத்தில் புதிய நகரம் ஒன்றை எழுப்புவது பொன்னேரித் திட்டத்தின் நோக்கம்.

இந்த வழித்தடத்தைப் பற்றிய இந்திய–ஜப்பானியப் பேச்சு, மன்மோகன் சிங்கும் ஜப்பானியப் பிரதமர் நோடாவும் சந்தித்த 2011 டிசம்பரிலேயே உருவம் பெற்றுவிட்டது. அதன் தொடர்ச்சியாக, ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவிகளை வழங்கும் ஜைக்கா முகமையின் பொறுப்பில், ப்ரைஸ்வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸ், நிப்பான் கோயி ஆகிய ஆலோசனை நிறுவனங்கள் நடத்திய ஆய்வு 2015இல் முடிந்தது. பொன்னேரி தேர்வானதில் வியப்பில்லை. 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், அதன் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம், மீஞ்சூரை அடுத்த வள்ளூரில் தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாட்டு மின்வாரியமும் கூட்டாக நிறுவிய 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை, இவற்றை இணைக்கும் கொல்கத்தா நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் என, ஒரு தொழில் நகரத்துக்கு வேண்டிய பெரும்பாலானவை சுற்றுவட்டாரத்தில் ஏற்கெனவே இருந்தன.

எனினும் ஜைக்கா ஆய்வுக்கு வெகுகாலம் முன்பே அயல்நாட்டார் முன்னின்று இந்தப் பகுதியை அளந்ததுண்டு. ஆர்க்காட்டு நவாபு முகமது அலி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த செங்கற்பட்டு ஜாகீர், அதாவது வருவாய் உரிமையோடு வழங்கப்பட்ட நிலப்பரப்பு, பழவேற்காட்டிலிருந்து தெற்கே ஆலம்பரை வரை நீண்டிருந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அதன் ஊர்களை ஒன்றொன்றாக அளந்தார். எத்தனை வீடுகள், யார் என்ன தொழில் செய்கிறார், நன்செய் எவ்வளவு, ஏரியும் தோப்பும் எவ்வளவு, எவருக்கு மானியம் என ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களைப் பற்றிய அந்தத் தகவல்கள் ஆங்கிலேயரின் கண்ணால் மட்டும் திரட்டப்பட்டவை அல்ல. கணக்கப்பிள்ளைகள் எழுதிய ஓலைகளே அவற்றின் அடித்தளம். களத்துமேட்டில் விளைச்சலைப் பங்கிடும்முன் தச்சனுக்கும் கொல்லனுக்கும் கோயிலுக்கும் ஏரிப் பராமரிப்புக்கும் எடுத்து வைக்கப்பட்ட ‘மேரை’ என்னும் பங்குகள்கூட அந்த ஓலைகளில் பதிவாயின. கம்பெனி வரி வாங்கவே அளந்தது என்பதை மறக்க இயலாது; ஆனால் ஊரின் கணக்கைக் கேளாமல் அதனால் அளக்க முடியவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. பரம்பரைக் கணக்கர் பதவிகளைத் தமிழ்நாடு அரசு 1980இல் ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலர்களை அமர்த்தியது. சாதிவழி உரிமையிலிருந்து ஆவணத்தை விடுவித்த நல்ல மாற்றம் அது. அதோடு ஊர்க் கணக்கு முழுமையாக வருவாய்த் துறையின் கைக்குச் சென்றது.

அத்துறையின் அலுவலகங்களை ஊர்களோடு கணினி வழி இணைக்கும் முயற்சியில் பன்னாட்டு ஆராய்ச்சிக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த தெளிவான முன்மாதிரி, 2001இல் மதுரை மாவட்டத்து மேலூரில் ‘சாரி’ என்ற பெயரில் தொடங்கியது. சென்னை ஐஐடியும் அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு நிறுவனங்களும் அதில் கூட்டாளிகள். ஐஐடியில் உருவான ‘கார்டெக்ட்’ என்னும் கம்பியில்லாத் தொலைபேசி நுட்பத்தால் கிராம இணைய மையங்கள் இணைக்கப்பட்டன. உள்ளூர் இளைஞர்கள் நடத்திய அந்த மையங்களிலிருந்து பிறப்பு, இறப்பு, வருமானச் சான்றிதழ்களுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்ப முடிந்தது. மக்கள் விரும்பிப் பயன்படுத்திய அச்சேவை நிலைக்காமல் போனதற்கு, ஆதரித்த அதிகாரிகள் மாறுதலாகிச் சென்றதும் அலுவலகத்தில் பயிற்சி பெற்ற ஆட்கள் போதாமையும் காரணங்கள் என ஆய்வாளர்கள் பின்னர் எழுதினர். அலைக்கோபுரம் பழுதாகவில்லை, அலுவலக மேசையில் பொறுப்பேற்க ஆளில்லாமல் போயிற்று.

பொன்னேரித் திட்டத்தில் இந்தப் பாடம் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. தொழில் வழித்தட நகரங்களைச் சிறப்பு நோக்க நிறுவனம், அதாவது மத்திய, மாநில அரசு அமைப்புகள் பங்கு சேர்த்து ஒரே பணிக்கென உருவாக்கும் கம்பெனி, நடத்துவதே விதி. அந்த ஏற்பாட்டில் சுற்றியுள்ள ஊராட்சிகளும், அன்று பேரூராட்சியாக இருந்த பொன்னேரியும் திட்டம் வகுக்கும் தரப்பினர் அல்லர். ஊராட்சிகள், நகராட்சிகள் ஆகியவற்றின் திட்டங்களைத் தொகுத்து மாவட்டத்துக்கு ஒரே வரைவு தயாரிக்க மாவட்டத் திட்டக்குழு வேண்டும் என்று அரசியலமைப்பின் 243இசட்டி பிரிவு கூறியிருந்தும் நிலைமை இதுதான். இழப்பு சிறியதன்று. பழவேற்காட்டு ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் எவர் வலை கட்டலாம் என்பதை மீனவர்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ வழக்கம் செயற்கைக்கோள் படத்தில் தென்படாது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் வெள்ளக் காலத்தில் எந்த வயல்கள் வழியே கழிமுகத்தை எட்டுகின்றன என்பதை அங்கே பயிரிடுவோர் அறிந்த அளவுக்கு வேறு எவரும் அறியார். எத்தனை உணர்கருவிகள் பொருத்தினாலும், இத்தகைய அறிவை எழுதிவைக்கும் கடமை எந்த அலுவலகத்துக்கும் இல்லையெனில் அவை அளப்பதற்கு உரிய பொருளும் இல்லை.

2020 டிசம்பர் 30 அன்று மத்திய அமைச்சரவை கிருஷ்ணப்பட்டினம், தும்கூர் நகரங்களுக்கு ஒப்புதல் அளித்தது. பொன்னேரி அந்த முடிவில் இடம்பெறவில்லை. அடுத்த ஆண்டு பொன்னேரி நகராட்சியாகத் தரம் உயர்ந்து, 2022 பிப்ரவரியில் தன் முதல் நகர்மன்றத் தேர்தலைக் கண்டது. அதே ஆண்டு அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டதோடு, மீஞ்சூருக்கும் திருவள்ளூருக்கும் தனித்தனியே புதுநகர் வளர்ச்சித் திட்டம் வகுக்கும் பணி பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கைக்கு வந்தது. எல்லை வரைபடங்கள் மீண்டும் விரிக்கப்படும் இந்த வேளையில், 2014இல் கேட்கப்படாத தரப்பு, தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றமாகப் பொன்னேரியிலேயே அமர்ந்திருக்கிறது.