ஐந்தாம் தரம் (இலங்கை)

ஐந்தாம் தரம் என்பது இலங்கைப் பாடசாலைக் கல்வியில் ஆரம்பப் பிரிவின் இறுதி ஆண்டாகும். தாய்மொழி, கணிதம், சமயம், ஆங்கிலம், இரண்டாம் தேசிய மொழி ஆகியவற்றுடன் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் பாடமும் கற்பிக்கப்படுகின்றது.

ஆயினும் இவ்வாண்டின் கற்றலைப் பெரிதும் தீர்மானிப்பது பரீட்சைத் திணைக்களம் நடத்தும் புலமைப்பரிசில் பரீட்சையே. இதில் இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். வறிய மாணவருக்கு உதவுதொகை வழங்குவதும், கூடிய புள்ளி பெற்றோரை ஆறாம் தரத்தில் வசதியுள்ள பாடசாலைகளிற் சேர்ப்பதும் இதன் நோக்கங்கள். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும்.

நடைமுறையில் இது பிரபல பாடசாலைகளுக்கான போட்டியாகி, தனியார் வகுப்புகள் பெருகின. செய்து பார்த்துக் கற்கவேண்டிய சுற்றாடற் பாடமும் பல வகுப்பறைகளில் வினா விடையாகச் சுருங்கியது. 2024 செப்டம்பர் பரீட்சையின் வினாக்கள் சில முன்கூட்டியே வெளியாகின. அவற்றுள் மூன்றுக்கு அனைவருக்கும் முழுப்புள்ளி வழங்குமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.