கம்பளி விற்போரின் பிள்ளைகள்

கார்த்திகை பிறந்ததும் சேலத்துச் சாலையோரங்களில் கம்பளிக் கடைகள் எழும்பிவிடும். கழிகளில் தார்ப்பாய் கட்டி, ஸ்வெட்டர்களையும் குல்லாய்களையும் சால்வைகளையும் தொங்கவிட்டு அமர்ந்திருப்பவர்கள் திபெத்தியர். நம் மக்களில் பலருக்கு அவர்கள் ‘நேபாளிக்காரர்கள்’, அவ்வளவே. தை முடியும்போது கடைகளோடு அவர்களும் மறைந்துவிடுவர். பங்கிலுள்ள முதியோர் சிலருக்குச் சால்வை வாங்கச் சென்ற ஒரு மாலையில், விலை பேசி முடித்தபின், பிள்ளைகள் எங்கே என்று விற்ற அம்மையாரிடம் வினவினோம். “பையன் ஹாஸ்டல்ல படிக்குது ஃபாதர், பைலகுப்பே” என்றார். எப்போது போய்ப் பார்ப்பீர்கள் என்று கேட்டதற்கு விடை கூறவில்லை. சால்வைகளை மடித்துப் பையிலிட்டுத் தந்தார்.

பைலகுப்பே கருநாடகத்தில், மைசூர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் உள்ளது. காவிரியைக் கடந்தால் குடகு நாட்டுக் குசால்நகர். தலைக்காவிரியில் பிறந்து அவ்வூர்ப் பக்கமாக இறங்கி வரும் நீர்தான் மேட்டூரில் தேங்கி, பவானியையும் சேர்த்துக்கொண்டு வந்து, ஜேடர்பாளையத்து அணைக்கட்டில் திரும்பி, இராஜ வாய்க்கால் வழியே நம் கரும்புக்கும் வெற்றிலைக் கொடிக்கும் பாய்கின்றது. ஆனால் ஆற்றின் மேற்பகுதியில் ஒரு நாடிழந்த மக்கள் தம் பிள்ளைகளை எவ்வாறு வளர்த்தனர் என்பதை நாம் அறிந்துகொள்ள முயன்றதில்லை.

1959 மார்ச் 10 அன்று இலாசா நகரில் சீன ஆட்சிக்கு எதிராக மக்கள் திரண்டெழுந்தனர். அம்மாத இறுதியில் தலாய் லாமா மலைகளைக் கடந்து இந்திய மண்ணில் கால்வைத்தார். அவரைப் பின்தொடர்ந்து வந்தோர் பல்லாயிரவர். அசாமில் மிஸ்ஸமாரியிலும் வங்கத்தில் பக்ஸாவிலும் அவர்களுக்கு முகாம்கள் அமைக்கப்பட்டன. பனி நாட்டில் வாழ்ந்த உடல்கள் அவ்வெப்பத்தைத் தாங்கவில்லை. காசநோயும் வயிற்றுப்போக்கும் பலரைக் கொண்டுபோயின. பின்னர் உடல் வலுவுள்ளோர் இமயமலைச் சாரலில் சாலை போடும் வேலைக்கு அனுப்பப்பட்டனர். தாயும் தந்தையும் கல்லுடைக்க, குழந்தைகள் அக்கல் குவியல்களின் அருகிலேயே கிடந்தன.

1960 மே 17 அன்று ஜம்மு பகுதிச் சாலை முகாம்களிலிருந்து 51 குழந்தைகள் தரம்சாலாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். நோயுற்று, ஊட்டமின்றி மெலிந்து வந்தவர்கள். தலாய் லாமாவின் மூத்த சகோதரி செரிங் டோல்மா அவர்களைப் பராமரிக்க முன்வந்தார். அன்று தோன்றிய அந்தக் குழந்தைகள் இல்லமே இன்று ‘திபெத்தியக் குழந்தைகள் கிராமம்’ என்னும் பெரும் நிறுவனமாக வளர்ந்துள்ளது. தொடக்கத்தில் அதைப் பள்ளி என்றே சொல்ல முடியாது. வந்த பிள்ளைகளுக்குப் படுக்க இடமில்லை. ஒரே கட்டிலில் ஐந்தாறு பேரைக் குறுக்காகக் கிடத்தினர். அம்மை கண்டால் அறை முழுவதும் கண்டது. செரிங் டோல்மாவே 1964இல் நோயுற்று மறைந்தார். அவருக்குப்பின் பொறுப்பேற்றவர் தங்கை ஜெட்சுன் பெமா. அப்போது அவருக்கு வயது 24. அதன்பின் 2006 வரை, நாற்பத்திரண்டு ஆண்டுகள் அதே பணி. கலிம்போங்கிலும் டார்ஜிலிங்கிலும் கன்னியர் நடத்திய விடுதிப் பள்ளிகளில் பயின்றவர் அவர் என்பதை இங்கே குறிப்பிடலாம். பௌத்தராகவே சென்று பௌத்தராகவே திரும்பினார்; விடுதி நடத்துவது எப்படி என்பதையும் கற்றுக்கொண்டு திரும்பினார்.

இதற்கு முன்பே, 1960 மார்ச் 3 அன்று, முசூரியில் 50 மாணவர்களோடு முதல் திபெத்தியப் பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. பள்ளிகளுக்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வி எழுந்தபோது பிரதமர் நேரு பெருந்தன்மையுடன் நடந்துகொண்டார். அகதிப் பிள்ளைகளை அருகிலுள்ள இந்தியப் பள்ளிகளில் சேர்த்துவிடுவதே அரசுக்கு எளிய வழி. அவரோ திபெத்தியருக்கெனத் தனிப் பள்ளிகள் வேண்டுமென்றும், அவற்றில் அவர்களின் மொழியும் வரலாறும் கற்பிக்கப்பட வேண்டுமென்றும், உலகோடு பேச ஆங்கிலமும் வேண்டுமென்றும் கருதினார். 1961இல் கல்வி அமைச்சின்கீழ் அதற்கெனத் தன்னாட்சி அமைப்பொன்று உருவாயிற்று. அதே காலத்தில் மைசூர் அரசு பைலகுப்பேயில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் காட்டு நிலம் அளித்தது. காடு வெட்டி, யானைகளோடு போராடி, மக்காச்சோளம் விதைத்த அம்மக்களுக்கு அங்கேயும் பள்ளி வந்தது. 1980களின் தொடக்கத்தில் குழந்தைகள் கிராமத்தின் கிளையும் அங்கே விடுதியோடு எழுந்தது.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகின்றது. இயேசு சபைக் குருவான இப்போலித்தோ தெசிதேரி 1716இல் இலாசா சென்று, திபெத்திய மொழியைக் கற்று, அம்மொழியிலேயே நூல்கள் இயற்றினார். 1721இல் அந்நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவர் பின்னர் வந்து சேர்ந்த இடம் புதுச்சேரி! அங்கே தமிழ் கற்றார். நம் அருளானந்தரின் அருளாளர் பட்ட வேண்டுகோளை முன்னெடுத்துச் செல்லவே உரோமைக்கு அனுப்பப்பட்டார். இலாசாவையும் ஓரியூர்ப் புனிதரையும் ஒரு மனிதரின் வாழ்வு இணைத்திருப்பதை நம் இளைஞர் எத்தனை பேர் அறிவர்? மறைபரப்பச் சென்ற இடத்து மொழியைத் தாழ்வாக எண்ணாதவர் அவர். பின்னே நாம் சொல்லவிருப்பதற்கு இது பொருந்தும்.

தொடக்கக் காலத்தில் பிள்ளைகளை எங்கே வளர்ப்பது என்பதில் தெளிவில்லை. 1960களின் முற்பகுதியில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட திபெத்தியக் குழந்தைகள் சுவிட்சர்லாந்து நாட்டுக் குடும்பங்களுக்கு வளர்ப்புப் பிள்ளைகளாக அனுப்பப்பட்டனர். செய்தவர்கள் தீய எண்ணம் கொண்டவர்களல்லர். குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தனர், அங்கே பாலும் மருத்துவமும் இருந்தன. ஆனால் அவர்களில் பலர் அநாதைகளல்லர். பெற்றோர் உயிருடனிருந்தனர். வளர்ந்தபின் தாயைத் தேடி வந்த சிலருக்குத் தாயோடு பேச மொழியில்லை. இக்கசப்பைப் பின்னாளில் அவர்களே வெளிப்படையாகப் பேசியுள்ளனர். பசி தீர்ந்த பிள்ளைக்குத் தன் தாயின் சொல் புரியாமற் போவது எத்தகைய இழப்பு என்று சுவிட்சர்லாந்தின் நற்குணக் குடும்பங்கள் அன்று எண்ணியிருக்க மாட்டா.

தரம்சாலாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட வழி வேறு. ஆஸ்திரியாவின் ஹெர்மன் மைனர் 1949இல் இம்ஸ்ட் என்னுமிடத்தில் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமங்களின் முறையை அவர்கள் மேற்கொண்டனர். பெரிய கூடத்தில் நூறு கட்டில்கள் என்பதை விடுத்து, சிறு சிறு வீடுகள். வீட்டுக்கு முப்பது, நாற்பது பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு வளர்ப்புத் தாய். மூத்தவர் இளையவருக்குத் தலைவாருவதும், சமையலில் கைகொடுப்பதும், விளக்கணைக்குமுன் ஒன்றாக வேண்டுவதும் வீட்டின் ஒழுங்கு. அத்தாயைப் பிள்ளைகள் ‘அமாலா’ என்று அழைப்பர். திபெத்திய மொழியில் ‘அமா’ என்றால் அம்மா. ‘லா’ மரியாதைக்குரிய ஒட்டு.

மொழியில் அவர்கள் காட்டிய உறுதி நம்மைச் சற்று வெட்கமுறச் செய்கின்றது. 1980களின் நடுவில், தொடக்க வகுப்புகளை ஆங்கிலத்திலிருந்து தாய்மொழிக்கு மாற்றினர். பாடநூல்களைத் தாங்களே எழுதினர். அறிவியலுக்குச் சொற்கள் உருவாக்கினர். நாடே இல்லாத ஒரு மக்கள் இதைச் செய்தனர். நாடும் அரசும் பல்கலைக்கழகங்களும் உள்ள நாம் நம் பங்குப் பள்ளிகளில் என்ன செய்தோம் என்று இங்கு விரித்துரைக்க விரும்பவில்லை.

ஆயினும் அவ்விடுதிகளின் மறுபக்கம் கண்ணீர் நிறைந்தது. 1980களிலிருந்து திபெத்தினுள்ளே வாழ்ந்த பெற்றோர் தம் பிள்ளைகளை வழிகாட்டிகளிடம் ஒப்படைத்து, நேபாள எல்லையிலுள்ள நாங்பா கணவாய் வழியாக அனுப்பலாயினர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,700 மீட்டர் உயரம். இரவில் நடந்து பகலில் ஒளிந்து, பனியில் கால்விரல்களை இழந்து வந்த ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் உண்டு. தாய்மொழியில் படிக்கட்டும், தலாய் லாமாவின் அருகில் வளரட்டும் என்று அனுப்பிய தாய்மாரில் பலர் அப்பிள்ளையை மீண்டும் காணவேயில்லை. 2006 செப்டம்பர் 30 அன்று அக்கணவாயில் சென்ற கூட்டத்தின்மேல் சீன எல்லைக் காவலர் சுட்டதில் பதினேழு வயதுப் பெண் துறவி ஒருவர் பனியில் விழுந்து மாண்டார். அருகிலிருந்த வெளிநாட்டு மலையேறிகள் படம்பிடித்ததால் உலகம் அதை அறிந்தது. 2008க்குப்பின் எல்லை ஏறத்தாழ அடைபட்டுவிட்டது.

இப்போது திபெத்தினுள்ளேயே விடுதிப் பள்ளிகள் எழுந்துள்ளன. ஏறத்தாழ பத்து இலட்சம் திபெத்தியப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, சீன மொழியே மேலோங்கிய அரசு விடுதிகளில் வைக்கப்பட்டுள்ளனர் என்று ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு அறிக்கையாளர் மூவர் 2023 பெப்ரவரியில் கவலை தெரிவித்தனர். சீன அரசு இதை மறுத்தது. மலைப்புறத்துச் சிற்றூர்களுக்குக் கல்வி தருவதே நோக்கம் என்றது.

இதைப் படித்துப் பிறரை நோக்கி விரல் நீட்ட நம்மால் இயலவில்லை. கனடா நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு 1990கள் வரை, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பழங்குடிப் பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டனர். அவற்றில் பெரும்பகுதியை நடத்தியவை கத்தோலிக்க அமைப்புகள். தாய்மொழியில் பேசிய பிள்ளைக்கு அடி விழுந்தது. திரும்பாத பிள்ளைகளும் உண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், நடக்க இயலாத நிலையில் சக்கர நாற்காலியில், 2022 சூலை 25 அன்று மஸ்க்வாசிஸ் என்னும் இடத்துக்குச் சென்று அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அப்பள்ளிகளை நடத்திய துறவியரில் பலர் நன்மை செய்வதாகவே நம்பியிருந்தனர் என்பதுதான் நமக்கு அச்சமூட்டுகின்றது. பைலகுப்பேயிலும் கட்டில், மணி, வரிசை, சீருடை எல்லாம் உண்டு. ஆனால் அங்கே பிள்ளைகளை அனுப்பியவர்கள் பெற்றோர். கற்பிக்கப்படுவது அவர்கள் பேசும் மொழி.

நம் நாமக்கல் மாவட்டமும் விடுதிப் பள்ளிகளுக்குப் பெயர் பெற்றதாயிற்றே! மருத்துவக் கல்லூரி இடத்துக்காக, தென்கோடியிலிருந்துகூடப் பெற்றோர் பெட்டியோடு வந்து பிள்ளைகளை விட்டுச் சென்றனர். ‘கோழிப்பண்ணைப் பள்ளிகள்’ என்று மக்கள் ஏளனமாகப் பெயரிட்டனர். நீட் தேர்வு வந்தபின் அவ்வேகம் தணிந்தாலும் விடுதிகள் இருக்கின்றன. அத்தகையதொரு விடுதியில் பயின்ற மாணவர் ஒருவர் ஒப்புரவு முடிந்தபின் நம்மிடம் பொதுவாகக் கேட்டார்: “சாமி, எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் ஊர்ல நல்லாத்தான் இருக்காங்க. அப்புறம் என்னை ஏன் இங்க கொண்டாந்து விட்டாங்க?” நாம் அன்று சொன்ன விடை நமக்கே நிறைவளிக்கவில்லை.

திபெத்திய விடுதிகளின் நிலையும் இன்று மாறிவிட்டது. எல்லை அடைபட்டதாலும், இளைஞர் அமெரிக்கா, கனடா, ஐரோப்பா என்று புறப்பட்டுவிட்டதாலும், பிறப்பு குறைந்ததாலும் பிள்ளைகளின் எண்ணிக்கை சுருங்கி, சில பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன. அரசு நடத்திய பள்ளிகள் படிப்படியாகத் திபெத்தியர் கைக்கே மாற்றப்பட்டன.

மேட்டூரிலிருந்து பாலாறு வழியாக மாதேசுவரன் மலையேறிக் கொள்ளேகாலம் செல்வோர், அப்பகுதியில் ஒடையர்பாளையம் என்னும் ஊரில் மற்றொரு திபெத்தியக் குடியிருப்பைக் காணலாம். 1970களில் அமைந்தது. அந்தத் தாலுகா 1956 வரை நம் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் தலைமுறைகளாக வாழும் மார்ட்டள்ளியும் அதே மலைப்பகுதியில்தான் உள்ளது. வெளியே கன்னடமும் வீட்டில் தமிழுமாக வாழும் அவ்வூரார்க்குத் திபெத்தியரின் மொழிக் கவலையை நாம் விளக்க வேண்டியதில்லை.

சென்ற கார்த்திகையிலும் அவ்வம்மையார் அதே இடத்தில் கடை விரித்திருந்தார். மகன் பள்ளி முடித்துப் பெங்களூரில் படிப்பதாகக் கூறினார். பேசிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி ஒலித்தது. அவர்கள் பேசிய மொழி நமக்கு விளங்கவில்லை. மறுமுனையிலிருந்து முதலில் வந்த ‘அமாலா’ என்ற ஒரு சொல் மட்டும் விளங்கிற்று. அவர் பேசி முடிக்கும்வரை, ஸ்வெட்டர் கேட்டு வந்தவர்களுக்கு நாமே விலை சொல்லிக்கொண்டிருந்தோம்.