தியாகராய நகரின் தோட்டங்கள் எங்கே போயின?

சென்னைத் தியாகராய நகர் என்றதும் நம் நினைவுக்கு வருவன துணிக்கடைகளும் நகைக்கடைகளும், பண்டிகை நாட்களில் அங்கே அலைமோதும் கூட்டமுமே. ஆனால் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தில் ஓர் ஏரி இருந்தது. ஏரி மறைந்து, தோட்டங்கள் சூழ்ந்த ஒரு நகர் தோன்றியது. பின்னர் அந்தத் தோட்டங்களும் மறைந்தன. ஏரி மறைந்ததை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. தோட்டங்கள் மறைந்த நாளை எவரும் குறித்து வைக்கவில்லை. ஏன் என்பதை இங்குக் காண்போம்.

ஏரி நகரான கதை

நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டை வரை, மவுண்ட் ரோடுக்கு மேற்கே, ஒன்றையொன்று தொடர்ந்த நீர்நிலை ஒன்று நீண்டு கிடந்தது. ஆங்கிலேயர் அதனை 'லாங் டாங்க்', அதாவது நீள ஏரி என்றனர். மாம்பலம் அதன் மேற்குக் கரையை ஒட்டிய சிற்றூர். மேற்கு மாம்பலத்தில் உள்ள 'லேக் வியூ ரோடு' என்னும் தெருப்பெயர் இன்றும் அந்த ஏரிக்குச் சான்று கூறுகிறது.

1914இல் ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ் நகரமைப்புக் கண்காட்சி ஒன்றுடன் இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவருடைய படங்களையும் வரைபடங்களையும் ஏற்றி வந்த கப்பலை 'எம்டன்' மூழ்கடித்துவிட்டது. புதிதாகத் திரட்டப்பட்ட படங்களைக் கொண்டு 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. அடிப்படையில் உயிரியல் அறிஞரான கெடிஸ், குளங்கள் ஊரின் காற்றைக் குளிர்விக்கின்றன என்றும், கொசுவுக்கு அஞ்சி அவற்றைத் தூர்த்துவிடக் கூடாது என்றும் வாதிட்டார்.

ஆனால் பெருகிவந்த நகருக்கு வீட்டுமனைகள் தேவைப்பட்டன. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதே பத்தாண்டில், நீதிக்கட்சி ஆட்சியின்போது, மாம்பலத்தை அடுத்த ஏரிப்பகுதியின் நீர் வடிக்கப்பட்டுப் புதிய நகர் உருவாயிற்று. அக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. நடுவே பனகல் பூங்கா. அங்கு வந்து கூடும் அகலமான சாலைகள். சற்றுத் தள்ளி நடேசன் பூங்கா. ஏரியைப் பலி கொடுத்துப் பிறந்த நகர் என்றாலும், நன்கு திட்டமிட்டு அமைந்த நகர் அது.

வரைபடத்தில் இல்லாத பசுமை

நகரின் பசுமை அந்தப் பூங்காக்களில் மட்டும் இருக்கவில்லை. மனையின் நடுவே வீடு, முன்னே பூச்செடிகள், பின்னே கிணறு, தென்னை, மா, வேம்பு, முருங்கை. இத்தகைய கொல்லைகளை ஒன்று சேர்த்தால் பூங்காக்களைவிடப் பன்மடங்கு பெரிய சோலையாகும். எனினும் நகர வரைபடத்தில் அவை வெறும் 'குடியிருப்புப் பகுதி' என்றே குறிக்கப்பட்டன.

ஒரு கணக்குப் பார்ப்போம். நான்கு கிரவுண்டு மனை ஒன்றின் பரப்பு 9,600 சதுர அடி. அதில் பழைய வீடு 2,400 சதுர அடியை அடைத்தால், மீதி 7,200 சதுர அடி மண்தரை. 1975இல் வந்த முதல் பெருந்திட்டத்தையொட்டிய விதிகள், பொதுவாக மனைப்பரப்பைப் போல் ஒன்றரை மடங்கு தளப்பரப்புக் கட்ட இடம் தந்தன. அதாவது இம்மனையில் 14,400 சதுர அடி. 1,200 சதுர அடி கொண்ட பன்னிரண்டு வீடுகள். எஞ்சிய தரையில் கார் நிறுத்த வேண்டும், ஆகவே சிமெண்டு. 2019இல் இந்த அளவு இரண்டு மடங்காக உயர்த்தப்பட்டது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? தகப்பனாருக்குப் பின் நான்கு பிள்ளைகள். பழைய வீட்டை நான்காகப் பிளக்க இயலாது. அடுக்குமாடியில் ஆளுக்கொரு வீடு கிடைக்கும். வீடின்றித் தவித்த வேறு எட்டுக் குடும்பங்களுக்கும் இடம் கிடைக்கும். ஒவ்வொரு முடிவும் நியாயமானதே, சட்டப்படியானதே. ஆனால் ஒரு தெருவில் இருபது வீடுகள் இவ்வாறு முடிவு செய்தால், ஒரு பூங்கா காணாமல் போகிறது. இருபது ஆண்டுகளில் துண்டு துண்டாகப் போவதால் எவர் கண்ணிலும் படுவதில்லை.

இழந்தது என்ன?

10 சென்டிமீட்டர் மழை பெய்தால், அந்த 7,200 சதுர அடி மண்ணில் சுமார் 67,000 லிட்டர் நீர் விழும். அதில் கணிசமான பகுதியை மண் உறிஞ்சும். எஞ்சியது தேங்கி மெல்ல இறங்கும். சிமெண்டுத் தரையோ அதைத் தெருவுக்குத் தள்ளிவிடும். 2021 நவம்பரில் தியாகராய நகரின் தெருக்கள் வெள்ளத்தில் மூழ்கின. ஒரு காலத்தில் ஏரியாக இருந்த பள்ளத்தில், உறிஞ்சும் மண்ணும் குறைந்துவிட்டால் நீர் எங்கே போகும்?

வெப்பத்தையும் எண்ண வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக மாறச் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் தேவை. வெயில் நாளில் ஒரு பெரிய மரம் இலைகளின் வழியே 100 லிட்டர் நீரை வெளியிடுவதாகக் கொள்வோம். அது சுற்றுப்புறத்திலிருந்து கவரும் வெப்பம் ஏறத்தாழ 67 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். மரத்தை இழந்த வீட்டில் குளிர்சாதனம் வந்தது. அது அறையின் வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது.

பூங்காக்களைக் காக்க 1959இலேயே தமிழகத்தில் சட்டம் வந்தது. அவற்றின் மீதும் நெருக்கடி வராமலில்லை. மெட்ரோ ரயில் பணிக்காகப் பனகல் பூங்காவின் ஒரு பகுதி எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆயினும் பூங்காவில் கைவைத்தால் கேள்வி எழும். கொல்லைக்கு அந்தக் காவலும் இல்லை. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது மிக நல்ல செயல். ஆனால் அந்தக் குழாய் நீரை மண்ணுக்கு அனுப்புமே தவிர, நிழல் தராது.

மாணவர்கள் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். உங்கள் தெருவின் ஒவ்வொரு மனையிலும் மண்தரை எவ்வளவு, மரங்கள் எத்தனை என்று குறித்து வையுங்கள். ஐந்தாண்டுகள் கழித்து மீண்டும் கணக்கெடுங்கள். தியாகராய நகரில் எவரும் எழுதி வைக்காத வரலாற்றை, உங்கள் தெருவிலாவது நீங்கள் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். இருப்பதைக் கணக்கில் வைத்தால்தானே, குறையும்போது கேட்க முடியும்?