பாமினியில் கிடக்கும் கோப்புகள்

கோவைச் செம்மொழி மாநாடு 2010 ஜூன் 23இல் தொடங்கியது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டதும் அன்றுதான். அதற்குள் ஈழத்தமிழர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் எழுதிக் குவித்திருந்தார்கள்.

பாமினியில் 'தமிழ்' என்று தட்டினால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து குறிகளை. எழுத்துரு இல்லாவிட்டால் அந்தக் குறிகளே திரையில் தெரியும். தமிழில் தேடினால் அகப்படாது.

திறந்த மூல மென்பொருளில் திஸ்கி என்ற வேறொரு பழைய தமிழ்க் குறியீட்டுக்கு இடம் கிடைத்தது: 2002இல் புரூனோ ஹைப்லே அதற்கான மாற்றியை குனூ சி நூலகத்துக்கு எழுதினார். மறுபுறம் பழையவை கழிந்தன. 2017இல் லிப்ரே ஆபிஸ் 5.3, 2019இல் எழுத்துகளை அடுக்கும் நூலகமான பாங்கோ 1.44 இரண்டும் டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களைக் கைவிட்டன. பராமரிக்க ஆளில்லாத நிரலை நீக்குவது நியாயமே. ஆனால் பழைய கோப்பைத் திறக்கும் வழி முதலில் வேண்டும்.

பாமினிக்கு அந்த வழி, அதாவது யூனிகோடுக்கு மாற்றுவது, கடினமானதல்ல. பாமினியில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் தட்டப்படும், யூனிகோடில் பின்னால் வரும். 'கொ'வின் மூன்று குறிகளையும் ஒன்றாகவே மாற்றவேண்டும். முதலிரண்டை முந்தி மாற்றினால் 'கெ'யும் தனிக் காலும் மிஞ்சும்.