விமான நிலைய விசாரணையிலிருந்து ஆஸ்கர் மேடை வரை: ரிஸ் அஹ்மத்

மேற்கத்தியப் படங்களில் முஸ்லிம் பாத்திரம் வந்தாலே அவர் குண்டு வைப்பவராக இருப்பார். இல்லையென்றால் டாக்சி ஓட்டுபவராகவோ பெட்டிக்கடைக்காரராகவோ இருப்பார். நாம் பல ஆண்டுகளாகப் பார்த்துச் சலித்த இந்தச் சித்திரிப்பை மாற்ற முயன்றவர்களில் முக்கியமானவர், பிரிட்டிஷ் நடிகரும் ராப் பாடகருமான ரிஸ் அஹ்மத்.

ரிஸ்வான் அஹ்மத் என்பது இவரது முழுப்பெயர். 1982இல் லண்டனின் வெம்ப்ளியில் பிறந்தார். பெற்றோர் பாகிஸ்தானின் கராச்சியிலிருந்து குடியேறியவர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம், அரசியல், பொருளாதாரம் படித்தபின் லண்டனில் நடிப்புப் பயிற்சி பெற்றார்.

திரை, இசை, நாடக மேடை என மூன்றிலும் இவர் கவனம் பெற்ற ஆண்டு 2006. குற்றச்சாட்டு ஏதுமின்றி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் குவாண்டனாமோவில் அடைக்கப்பட்ட பிரிட்டிஷ் முஸ்லிம் இளைஞர்களின் கதையான 'தி ரோட் டு குவாண்டனாமோ' படத்தில் நடித்தார். பெர்லின் திரைப்பட விழாவில் அப்படம் விருது பெற்றது. விழா முடிந்து ஊர் திரும்பியவரை லூட்டன் விமான நிலையத்தில் போலீசார் தடுத்து விசாரித்தனர். முஸ்லிம்களுக்காகப் பிரச்சாரம் செய்யத்தான் நடிகரானீர்களா என்று தம்மிடம் கேட்கப்பட்டதாகப் பின்னர் அவர் கூறினார். செப்டம்பர் 11க்குப் பிந்தைய சூழலைக் கேலி செய்து அவர் வெளியிட்ட ராப் பாடலும், இங்கிலீஷ் நேஷனல் ஓபரா மேடையேற்றிய கடாஃபி பற்றிய இசை நாடகமும் அதே ஆண்டில்தான்.

சிறுபான்மை நடிகர்களின் பயணத்தை மூன்று கட்டங்களாக ரிஸ் ஒரு கட்டுரையில் விளக்கியுள்ளார். முதல் கட்டம், தேய்ந்துபோன வார்ப்புப் பாத்திரங்கள். இரண்டாவது, அந்த வார்ப்பைக் கேள்வி கேட்கும் பாத்திரங்கள். மூன்றாவது, இனத்தோடு கதை முடிச்சுப் போடப்படாத, வெறும் மனிதராக வரும் பாத்திரங்கள்.

அவரது வாழ்க்கையே இதற்குச் சான்று. 'தி நைட் ஆஃப்' தொடரில் கொலை வழக்கில் சிக்கும் பாகிஸ்தானிய அமெரிக்க மாணவனாக நடித்து 2017இல் எம்மி விருது பெற்றார். நடிப்புக்காக அவ்விருதை வென்ற முதல் தெற்காசிய வம்சாவளி ஆண் இவரே. 'சவுண்ட் ஆஃப் மெட்டல்' படத்தில் செவித்திறனை இழக்கும் டிரம்ஸ் கலைஞராக வந்தார். இதற்காக டிரம்ஸ் வாசிக்கவும் சைகை மொழி பேசவும் பல மாதங்கள் கற்றார். 2021இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அப்பிரிவில் முதல் முஸ்லிம் இவர்தான். மறு ஆண்டு 'தி லாங் குட்பை' குறும்படத்திற்காக ஆஸ்கரையே வென்றார். அதே பெயரில் 2020இல் அவர் வெளியிட்ட இசைத் தொகுப்பு, பிரிட்டனுடனான உறவைக் காதல் முறிவாகப் பாடுகிறது.

தனிமனித வெற்றியோடு அவர் நிற்கவில்லை. அவரது ஆதரவுடன் 2021இல் வெளியான ஆய்வு ஒன்று 200 பிரபலப் படங்களை ஆராய்ந்தது. பேசும் பாத்திரங்களில் முஸ்லிம்கள் வெறும் 1.6 விழுக்காடு. 181 படங்களில் ஒருவர்கூட இல்லை. முஸ்லிம் கலைஞர்களுக்கான உதவித்தொகைத் திட்டம் ஒன்றும் அப்போது அறிவிக்கப்பட்டது.

சினிமா, இசை பற்றி நம் வீடுகளில் பல கருத்துகள் இருக்கலாம். ஆனால் நம்மைப் பற்றிய கதைகள் நம்மைக் கேட்காமலே எழுதப்படுகின்றன. அவற்றை நம் பிள்ளைகளும் அவர்களின் வகுப்புத் தோழர்களும் பார்க்கிறார்கள். அந்தக் கதைகளைக் குறை சொல்வது எளிது. எழுதவும் இயக்கவும் ஆட்களை உருவாக்குவதே கடினமான வேலை. ரிஸ் தேர்ந்துகொண்டது இரண்டாவதை.