அமைதியை விரும்பும் நாக தெய்வம்... யார் இந்த மெரெட்செகர்?

எகிப்துன்னு சொன்னாலே பிரமிடும் மம்மியும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா, மன்னர்களுக்குக் கல்லறை வெட்டிய தொழிலாளர்கள் யாரைக் கும்பிட்டாங்க தெரியுமா? மெரெட்செகர் என்ற நாக தெய்வத்தை!

பெயருக்கு என்ன அர்த்தம்?

'அமைதியை நேசிப்பவள்' என்பதுதான் அர்த்தம். லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில் எல்-குர்ன் என்ற மலை இருக்கிறது. பார்ப்பதற்கு இயற்கையான பிரமிடு மாதிரியே இருக்கும். அதன் அடியில்தான் துட்டன்காமன் உட்பட பல மன்னர்கள் புதைக்கப்பட்ட 'மன்னர்களின் பள்ளத்தாக்கு' உள்ளது. அந்த மலைச் சிகரமே மெரெட்செகர் என்று நம்பினார்கள். நாகப் பாம்பாகவும், பாம்புத் தலை கொண்ட பெண்ணாகவும் அவளைச் செதுக்கினார்கள்.

கும்பிட்டது யார்?

பக்கத்தில் இருந்த டெய்ர் எல்-மெதினா கிராமத்துக்காரர்கள். கல் வெட்டுபவர்கள், ஓவியர்கள், எழுத்தர்கள் எல்லாம் குடும்பத்தோடு அங்கே வாழ்ந்தார்கள். கூலி தானியமாகக் கிடைக்கும். பாலைவனம் என்பதால் பாம்பு, தேள் பயம் எப்போதும் உண்டு. இரண்டாம் ராமேசஸ் காலத்து வருகைப் பதிவு ஒன்று கல்லில் எழுதப்பட்டுக் கிடைத்திருக்கிறது. அதில் ஒரு தொழிலாளி வேலைக்கு வராததற்குக் காரணம், 'தேள் கொட்டியது'!

தண்டிப்பாளா, மன்னிப்பாளா?

ரெண்டுமே செய்வாள் என்பதுதான் நம்பிக்கை. தப்பு செய்தால் நோய் வரும், பார்வை போகும். மனம் திருந்தி வேண்டினால் குணமாகும். இதற்குச் சாட்சி, நெஃபெராபு என்ற தொழிலாளி வைத்த கல். இப்போது இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நல்லது கெட்டது தெரியாமல் சிகரத்துக்கு எதிராகத் தப்பு செய்துவிட்டதாகவும், மூச்சுக்காற்றுக்கே தவித்ததாகவும் அதில் சொல்கிறார். கடைசியில் அவள் மனம் இரங்கி, இதமான காற்றாக வந்தாளாம். என்ன தப்பு செய்தார் என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை!

இதில் என்ன ஸ்பெஷல்?

ஆற்றின் அக்கரையில் கர்னாக்கில் அமூன் கடவுளுக்கு பிரம்மாண்டக் கோயில். அதன் உள்ளே சாதாரண மக்கள் போக முடியாது. மெரெட்செகருக்கோ பாறையில் குடைந்த சிறிய சன்னதிகளும், தொழிலாளர்கள் வைத்த கற்களும்தான். ஆனா, அவளிடம் யார் வேண்டுமானாலும் நேரடியாக முறையிடலாம்.

வழிபாடு ஏன் நின்றது?

சுமார் 3,100 ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளத்தாக்கில் மன்னர்களைப் புதைப்பது நின்றது. வேலை இல்லாததால் கிராமமும் காலியானது. கும்பிட ஆள் இல்லாமல் மெரெட்செகர் வழிபாடும் மெல்ல மறைந்தது. மன்னர்களின் வரலாறு கோயில் சுவர்களில் இருக்கிறது. அவர்களுக்காக உழைத்தவர்களின் பயமும் வேண்டுதலும் நமக்குத் தெரிவது, அவளுக்கு வைத்த இந்தச் சின்னச் சின்னக் கற்களால்தான்.